அசெம்பிள் செட்டின் கதை

இன்றைய மாணவர்கள் ‘பி.சி. பில்டு’ என்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு ‘அசெம்பிள் போடுவது’ என்று பெயர். போர்டு ஒரு கடையில், ராம் ஒரு கடையில், கேபினட் இன்னொரு கடையில் என்று வாங்கி வந்து, ஹாஸ்டல் கட்டிலில் பழைய பேப்பரை விரித்து, ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு முழு கம்ப்யூட்டரையும் பூட்டி எழுப்புவதுதான் அது. எதற்காக என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில், நண்பர்களுக்கு ஒரு பதில். வீட்டுக்கு ‘ப்ராஜெக்ட்’. நண்பர்களுக்கு ‘டூம்’.

மலருக்குக் கட்டுரை எழுதுபவர்களில் பலர் பேராசிரியர்களைப் பற்றியும் மெஸ் சாம்பாரைப் பற்றியும் எழுதிவிடுவார்கள். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பாடத்திட்டத்தில் எந்த செமஸ்டரிலும் இல்லாமல், ஆனால் பெருந்துறையில் படித்த பல பேருக்குப் பிற்காலத்தில் சோறு போட்ட இந்த ஒரு பாடத்தின் வரலாற்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் படித்துவிடுங்கள்!

உதிரியாய் வாங்கி ஒன்றாய்ச் சேர்ப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. லாரி கம்பெனிக்காரன் கொடுப்பது சேஸிஸ் மட்டும்தான். அதற்கு உடம்பு கட்டுவது நாமக்கல். பஸ்ஸுக்கு உடம்பு கட்டுவது கரூர். போர் போடும் வண்டிக்குத் திருச்செங்கோடு. கோவையில் பம்பும் மோட்டாரும் எப்படி வளர்ந்தன என்று சொல்லத் தேவையில்லை. ஜி.டி.நாயுடு (1893–1974) கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டக் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டரை மட்டும் மூடிய டப்பாவாக விட்டுவைப்பார்களா?

ஆனால் விட்டுவைக்காமல் இருப்பதற்கு அந்த டப்பா திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்கான காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய இன்டெல் 8088 அதன் மூளை. பெரிய கம்பெனி, தன் வழக்கப்படி எல்லாவற்றையும் தானே செய்திருந்தால் பல வருடம் பிடித்திருக்கும். ஃப்ளோரிடாவில் இருந்த சின்னக் குழு ஒன்று, சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே ஒரு வருட காலத்தில் முடித்துவிட்டது. சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் புத்தகமாகவே போட்டு விற்றார்கள். வெளியார் கார்டு செய்து செருக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

பிறர் காப்பி அடிக்க முடியாமல் நின்ற ஒரே இடம் அந்த பயாஸ்தான். அச்சில் இருந்தாலும் அதன் காப்புரிமை ஐ.பி.எம்முடையது. காம்பேக் நிறுவனம் ஒரு வழி கண்டது. மூல நிரலைப் படித்தவர்கள் ‘இது என்ன வேலை செய்கிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்க, அதைக் கண்ணாலும் பார்க்காத வேறு ஆட்கள் புதிதாக எழுதினார்கள். 1982 நவம்பரில் அவர்களுடைய கம்ப்யூட்டர் அறிவிக்கப்பட்டது. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் எழுதிய பயாஸை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம் என்றது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தைவானில் போர்டு செய்பவர்கள் கிளம்பினார்கள். ஆரம்பத்தில் இந்த வழக்கறிஞர் சாமர்த்தியம் இல்லாதிருந்தால் நமக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டும் இல்லை, ஹாஸ்டல் கட்டிலில் பேப்பரும் இல்லை என்பது என் முடிவு.

அதே 1984 நமக்கும் முக்கியமான வருடம். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது அப்போதுதான். பெருந்துறையைச் சுற்றி நிலக்கடலையும் சோளமும் விளைந்த மேட்டுக்காடுகளில் பொறியியல் வகுப்புகள் எழுந்தன. டெல்லியில் அந்த நவம்பரில், ராஜீவ் காந்தி பிரதமராகிச் சில வாரங்களுக்குள், புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்தது. கம்ப்யூட்டர் செய்யவும் பாகங்களை இறக்குமதி செய்யவும் இருந்த கெடுபிடிகள் தளர்ந்தன. அதற்கு முந்தைய நிலைமையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்குகளைக் குறைத்துக்கொள்ள மறுத்து, 1978இல் ஐ.பி.எம். நாட்டை விட்டே போயிருந்தது. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தவற்றில் ஒன்று எச்.சி.எல். அதை 1976இல் நண்பர்களோடு தொடங்கிய சிவ் நாடார் நம் பக்கத்துக் கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் படித்தவர். 80களின் நடுவில் சென்னையிலிருந்து ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் சிவசங்கரன் ‘சிவா பி.சி.’ என்ற பெயரில் அன்றைய சந்தை விலையை விட வெகு குறைவாக ஒன்றை விற்று, மற்ற கம்பெனிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். பாகங்களை வாங்கிச் சேர்த்தால் விலை எவ்வளவு இறங்கும் என்று தமிழ்நாட்டுக்கு முதலில் காட்டியது அந்தப் பெட்டி என்றே நினைக்கிறேன்.

1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவுகள் மேலும் திறந்தன. வரிகள் ஒரேயடியாக இறங்கவில்லை, படிப்படியாக இறங்கின. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர் பொருட்களுக்கான சுங்க வரி 2005க்குள் பூஜ்யத்துக்கு வந்தது. இந்த இடைப்பட்ட பதினைந்து வருடம்தான் அசெம்பிள் செட்டின் பொற்காலம். கம்பெனிப் பெட்டிக்கு விளம்பரம், டீலர் கமிஷன், கலால் வரி எல்லாம் சேரும். கடைக்காரர் பூட்டிக் கொடுக்கும் பெட்டிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பில் போட்டு வாங்கினால் ஒரு விலை, போடாமல் வாங்கினால் ஒரு விலை என்று வெளிப்படையாகவே கேட்பார்கள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வரலாறு என்று எழுத வந்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட முடியாது. 1990களின் இந்தியாவில் விற்ற மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பங்கு இப்படிப் பெயரில்லாப் பெட்டிகள்தான்.

பெருந்துறையில் அப்போது கம்ப்யூட்டர் பாகம் வாங்கக் கடை கிடையாது. ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால் மானிட்டரும் கீ போர்டும் கிடைக்கும். கோவைக்குப் போனால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் விலை தெரிந்தவர்கள் சென்னைக்குத்தான் போவார்கள். ராத்திரி ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது சென்ட்ரல். அங்கிருந்து மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். ஒருகாலத்தில் ரேடியோ வால்வும் டிரான்ஸிஸ்டரும் விற்ற சந்து அது. அந்தக் கடைகளே மெல்ல மெல்ல போர்டும் டிஸ்க்கும் விற்கத் தொடங்கின. பத்தடி அகலக் கடையில் விலைப் பட்டியல் கிடையாது. கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுவார்கள். காலையில் கேட்ட ராம் விலை சாயங்காலம் மாறியிருக்கும். ஏன் மாறியது என்று கேட்டால் “தைவான்ல ஏறிடுச்சு தம்பி” என்ற பதில் வரும். கதை விடுகிறார் என்று நினைப்போம். ஆனால் 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரிய பூகம்பம் வந்து, சில நாட்களிலேயே உலகம் முழுக்க ராம் விலை எகிறியபோது, அந்தக் கால்குலேட்டர் உண்மையிலேயே தைவானோடு இணைந்திருக்கிறது என்று புரிந்தது.

பாகங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் படிப்பு ஆரம்பம். இன்று எல்லா இணைப்பியும் ஒரே ஒரு விதத்தில்தான் நுழையும். அன்று அப்படி இல்லை. ஏ.டி. கேபினட்டில் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் வயர் இரண்டு துண்டாக இருக்கும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஒரே அளவு. மாற்றிச் செருகினால் போர்டு காலி. அதற்கு சீனியர்கள் சொல்லித் தந்த மந்திரம்: கறுப்பும் கறுப்பும் நடுவில் சேரணும். இரண்டு துண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சரி. புத்தகத்தில் படித்து மறந்ததெல்லாம் உண்டு. இதை மறந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ராமிலும் கணக்கு உண்டு. 486 போர்டில் 30 பின் சிம் என்றால் நான்கு நான்காகப் போட வேண்டும். பென்டியத்தில் 72 பின் சிம் என்றால் இரண்டிரண்டாக. ஏன்? பென்டியத்தின் டேட்டா பஸ் 64 பிட் அகலம், ஒரு சிம்மின் அகலம் 32 பிட். இதையே மைக்ரோப்ராஸசர் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது பாதிப் பேர் தூங்கினோம். ஒற்றை சிம் போட்டு ஸ்க்ரீன் கறுப்பாகவே இருந்த ராத்திரியில் யாரும் தூங்கவில்லை.

சவுண்டு கார்டு அடுத்த பரீட்சை. சவுண்டு பிளாஸ்டருக்கு முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1. ஐ.ஆர்.க்யூவை 7இல் வைத்தால் பிரிண்டர் போர்ட்டோடு சண்டை பிடிக்கும். கார்டின் மேல் ஜம்பரைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். அந்தக் கடுகளவு பிளாஸ்டிக் கீழே விழுந்தால் டார்ச் அடித்துத் தேட வேண்டும். டாஸ் கேம் என்றால் இன்னொரு தலைவலி. பெட்டியில் 8 எம்.பி. ராம் இருந்தாலும் கேம் கேட்பது முதல் 640 கே.பிக்குள் ஒரு இடத்தை. மவுஸ் டிரைவர், சி.டி. டிரைவர் எல்லாம் அதிலேயே உட்கார்ந்திருக்கும். கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலைத் திறந்து எதை மேலே ஏற்றுவது, எதைத் தூக்குவது என்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து நாலு கே.பி. மிச்சப்படுத்துவோம். மெமரி மேனேஜ்மென்ட் என்ற பாடத்தை எங்கள் பேட்ச் அப்படித்தான் படித்தது!

கேம்தான் இதற்கெல்லாம் எஞ்சின். இதை ஒப்புக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேர்டு டாகுமென்ட் அடிக்க யாரும் ராம் கூட்டவில்லை. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் 386இலும் ஓடும், 486இல்தான் நன்றாக ஓடும். 1996 ஜூனில் வந்த க்வேக் ஒரு படி மேலே போய் ஊரையே இரண்டாகப் பிரித்தது. அதுவரை விலை குறைவு என்று சைரிக்ஸ் 6x86 சிப் வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சாதாரண வேலைகளில் அது பென்டியத்துக்கு ஈடு கொடுத்தது. ஆனால் க்வேக் படங்களைச் சரியான கோணத்தில் வரைய தசமக் கணக்குகளை அடுக்கடுக்காகக் கேட்கும். பென்டியத்தில் ஒரு வகுத்தல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற வேலை பக்கத்தில் நடக்கும்படி அந்த கேம் எழுதப்பட்டிருந்தது. சைரிக்ஸின் தசமக் கணக்குப் பகுதி அந்த அளவுக்கு வேகம் இல்லை. ஒரே கேம், ஒரே மெகாஹெர்ட்ஸ் கணக்கு, ஆனால் ஒருவன் அறையில் ஓடுகிறது, அடுத்தவன் அறையில் நொண்டுகிறது. சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தது அந்த நொண்டல்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று இதுவரை சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஒரு செட் முப்பதாயிரத்துக்கு மேல் போன காலம். எங்கள் விங்கில் ஒரு நண்பன், கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டுக்காரர் வீட்டுப் பையன். அவன் அப்பா மஞ்சள் மூட்டைகளை ஈரோட்டு மண்டியில் போட்டுவிட்டு, பணத்தோடு நேரே ஹாஸ்டலுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் அறையில் இருந்த செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, இந்தப் பொட்டி எத்தனை வருசத்துக்குத் தாங்குமுங்?”

“பொட்டி தாங்குமுங்க. ஆனா ரெண்டு வருசத்துல பழசாயிரும். நடுவுல ஒண்ணு ரெண்டு மாத்தோணும்.”

“கெட்டுப் போகாமயே பழசாயிருமா?”

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க கெணத்து மோட்டாரு பதினெட்டு வருசம் ஆச்சு. ரெண்டு வாட்டி காயில் கட்டுனதோட செரி. இது என்ன சரக்குடா கண்ணு?” என்று மகனிடம் திரும்பினார். பையன் முகம் சுருங்கிவிட்டது. அவர் விடவில்லை, என்னிடமே மறுபடி கேட்டார். “மாத்தறது யாருங்? கடைக்காரனா, நீங்களேவா?” நாங்களே என்றேன். “அப்பொச் செரி” என்று ரூபாய்க் கட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். “இவனுக்குக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்சுருச்சுன்னா பொட்டி போனாலும் போகுது.” அவன் இன்று பெங்களூரில் சர்வர் வடிவமைப்பில் இருக்கிறான். ஆனால் எல்லார் வீட்டிலும் இப்படி முடியவில்லை. தறி விற்று வாங்கிக் கொடுத்த செட்டில் மூன்று வருடம் கேம் மட்டுமே ஆடி, அரியர் வைத்துப் போனவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதே அப்பா இன்னொரு உதவியும் செய்தார். அன்றைக்கு செட்டின் தகரத்தைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டார். சுருக்கென்று ஒரு கடி. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. “எர்த்து இல்லீங்களா இங்க?” என்றார். சுவரில் மூன்று துளை பிளக் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இல்லை! பவர் சப்ளைக்குள் இரைச்சலைத் தடுக்கும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் கரண்டு வயர் இரண்டுக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கும். எர்த் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகரம் பாதி வோல்டேஜில் தொங்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் சொற்பம், அதனால் கடி மட்டும்தான். ஆனால் ஒரு பெட்டியையும் இன்னொன்றையும் கேபிளால் இணைக்கும் நேரத்தில் இதுவே கார்டைக் கொன்றுவிடும். பம்ப் செட்டுக்குச் செய்வது போலக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் நட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும் என்று அவர் சொன்னார். எலக்ட்ரிக்கல் வகுப்பில் படித்த எர்த்திங் பாடத்தை ஒரு விவசாயி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

1998 ஆகஸ்ட்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ சிப்பைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் தலைமுறைக்காரன் எவனும் கட்டுரையை முடிக்க மாட்டான். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், நாலரை மடங்கு பெருக்கல், அதனால் 300. பஸ்ஸை 100க்கு மாற்றினால்? 450! பாதி விலைச் சிப் அன்றைய உயர்விலை பென்டியம் 2இன் வேகத்தைத் தொட்டது. அதன் கேஷ் 128 கே.பி. மட்டுமே, ஆனால் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. ரகசியம் அங்கே இருந்தது. உலகம் முழுக்க இதைச் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் பெருந்துறையின் ஏப்ரல் மாதம் கிடையாது. தகரக் கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஆடினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் விழும், செட் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்டெபிலைசர் இருந்தவன் ஜமீன்தார்.

அப்கிரேடு என்பது கையிலுள்ள போர்டு இடம் கொடுத்தால்தான். இதை வலிக்க வலிக்கக் கற்றுக்கொடுத்தது 1999இல் வந்த இன்டெல் 810 வகைப் போர்டு. விலை குறைவு, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும், தனிக் கார்டு வாங்க வேண்டியதில்லை என்று கடைகளில் வாங்கச் சொன்னார்கள். வாங்கிய பலருக்குப் பிறகுதான் தெரிந்தது, அதில் ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது என்று. உலகம் டி.என்.டி. 2, ஜீஃபோர்ஸ் என்று போய்க்கொண்டிருந்தபோது அவற்றைச் செருக இடமில்லை. அடுத்த வருடம் வந்த 815இல் ஸ்லாட் இருந்தது. ஒரு வருடம் பொறுத்தவன் நான்கு வருடம் அதே போர்டை ஓட்டினான். அவசரப்பட்டவன் எல்லாவற்றையும் மாற்றினான். ‘ஸ்லாட்டைப் பார்த்து வாங்கு’ என்பது ஜூனியர்களுக்கு நாங்கள் சொன்ன முதல் உபதேசமாயிற்று.

அதே காலத்தில் இன்னொரு நோய். 1999லிருந்து சில வருடங்கள், தைவானில் செய்த பல கெபாசிட்டர்களில் உள்ளே ஊற்றும் திரவத்தின் கலவை கெட்டிருந்தது. ஒன்றிரண்டு வருடத்தில் தலை உப்பி, பழுப்பு நிறமாகக் கசியும். செட் காரணமில்லாமல் நின்று நின்று போகும். பெரிய பெரிய கம்பெனிப் பெட்டிகளும் தப்பவில்லை. கடைகளில் போர்டை மாற்றச் சொன்னார்கள். ஆனால் டி.வி. மெக்கானிக்குகள் வேறு மாதிரிச் சொன்னார்கள். “மேல உப்புனதை மட்டும் எடுத்துட்டு அதே மைக்ரோ ஃபேரடுல நல்லதா போட்டாப் போதுமுங்.” ஒரு கெபாசிட்டர் சில ரூபாய். அப்படி உயிர் பெற்ற போர்டுகள் மேலும் பல வருடம் ஓடின. சாலிடரிங் அயர்னை லேப் எக்ஸாமுக்கு மட்டும் தொட்டவர்கள் அதை அறையில் வாங்கி வைத்தது இந்தக் காலத்தில்தான்.

செட்டுகளை இணைத்து ஆடிய கதை தனி மலருக்கு ஆகும். சுருக்கமாகச் சொல்கிறேன். கோ ஆக்ஸியல் கேபிள் ஒரே கோடாக அறை அறையாகப் போகும். இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். நடு அறைக்காரன் கோபித்துக்கொண்டு தன் இணைப்பைப் பிடுங்கினால் மொத்த விங்கும் அவுட். நட்பின் அருமையை உணர்த்திய நெட்வொர்க் அது. பிறகு ஹப் வந்தது, 2000இல் கவுன்டர் ஸ்ட்ரைக் வந்தது, ஈரோட்டிலும் கோவையிலும் பிரவுசிங் சென்டர்களே ராத்திரியில் கேம் சென்டராக மாறின. கேம் சி.டி.க்களில் பெரும்பாலானவை காப்பிதான். அன்று அசல் ஒன்றின் விலை பல வீடுகளின் மாத மளிகைச் செலவு என்பது காரணம், நியாயம் அல்ல.

பின்னர் லேப்டாப் வந்தது, அசெம்பிள் செட் மெல்லப் படுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, பிளஸ் டூ பிள்ளைகள் கையிலேயே கம்ப்யூட்டர் வந்தது. அது பெரிய விஷயம். குறை சொல்ல மாட்டேன். 2012இல் நம் பக்கங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு போன மாதங்களும் இருந்தன. பேட்டரி இல்லாத மேசைப் பெட்டியை அப்போது யார் வாங்குவார்கள்? ஆனால் மூடிய பெட்டியோடு வளர்ந்தவர்களுக்கு உள்ளே என்ன என்று பார்க்கும் வாய்ப்பு குறைந்தது. இன்று பல லேப்டாப்களில் ராமே போர்டோடு ஒட்டி வருகிறது. மஞ்சள் காட்டு அப்பா கேட்டிருப்பார், “மாத்தறது யாருங்?” என்று.

சந்தோஷமான செய்தி, செட் போடும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. 2017இல் ஏ.எம்.டி. ரைசன் சிப்புகளை ஏ.எம்.4 என்ற சாக்கெட்டில் இறக்கியது. அந்த வருடம் வாங்கிய பல போர்டுகளில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி வரை செருக முடிகிறது. ஐந்து வருடம் ஒரே போர்டு! எங்கள் 810ஐ நினைத்தால் வயிறு எரிகிறது. விலைச் சங்கடங்கள் மட்டும் மாறவில்லை. 2020–21இல் ஈதரியம் காசு தோண்டுபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கியதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் ஈதரியம் அந்த முறையையே கைவிட்டது, கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து குவிந்தன. 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி போய், ராம் விலை மறுபடி எகிறியது. கால்குலேட்டருக்குப் பதில் இப்போது போனில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

செட் போடத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு, வயதானவன் என்ற உரிமையில் இரண்டு சொல்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டும் பணத்தில் பவர் சப்ளைக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லக் கூடிய பாகம் அது ஒன்றுதான். அறைக்குக் குடிபோன உடனே டெஸ்ட் லாம்ப் ஒன்றைக் கொண்டு மூன்றாவது துளையில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் வீட்டுப் பரணில் ஒரு செலரான் 300ஏ, ஒரு சவுண்டு பிளாஸ்டர் 16, 30 பின் சிம் நான்கு இருக்கின்றன. நல்ல ஏ.டி. பவர் சப்ளையும், இவற்றுக்குப் பொருந்தும் போர்டுகளும், ஒரு வூடூ கார்டும் கிடைத்தால் இரண்டு செட் முழுசாகப் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் பரணை ஒரு தடவை பாருங்கள். எது கிடைத்தாலும், வேலை செய்கிறதோ இல்லையோ, சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தேடிக் கொண்டுவந்து கொடுங்கள். உப்பிய கெபாசிட்டர் இருந்தாலும் பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.